ஜுரக் கணக்கு

ஆஸ்பத்திரியில் ஒருவரைக் கட்டிலில் கிடத்திய சிறிது நேரத்துக்கெல்லாம் நர்ஸ் ஒருத்தி வந்து, அவருடைய அக்குளிலோ நாவின் அடியிலோ தெர்மாமீட்டரை வைத்து, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, மார்பு ஏறி இறங்குவதையும் ரோகி அறியாதபடி கணக்கிட்டு, மூன்று எண்களைக் கால்மாட்டில் தொங்கும் தாளில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது, நாம் எல்லோரும் கண்டு பழகிய காட்சியாகும். பழகிப்போன காரியங்களுக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டென்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. உஷ்ணத்தைக் காட்டும் கருவி பிறந்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில். அது ரோகியின் படுக்கையருகே நிலையாக வந்து சேர்ந்ததோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இடைப்பட்ட நெடுங்காலம் அது எங்கே தங்கியிருந்தது, ஏன் தங்கியிருந்தது, கடைசியில் வைத்தியரின் கையை விட்டுத் தாதியின் கைக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், ஜுரத்தைப் பற்றிய கொள்கை மாறிய கதையும், நர்ஸ் உத்தியோகம் தலையெடுத்த கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியவரும்.

கருவி வருவதற்கு முன் கையே கருவி. குழந்தையின் நெற்றியிலும் கழுத்தடியிலும் புறங்கையை வைத்துப் பார்த்து, “உடம்பு அனலாய்க் கொதிக்கிறதே” என்று சொல்லும் தாய்க்கு எந்தச் சாஸ்திரமும் பயிற்சி அளிக்க வேண்டியதில்லை. நம் சித்த வைத்தியர்கள் வகுத்த எண்வகைத் தேர்வில் நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பவற்றோடு ஸ்பரிசமும் ஓர் அங்கம். மேல்நாட்டிலும் அப்படியேதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கீர்த்தி பெற்றிருந்த கேலன் என்னும் வைத்தியர், நடுவில் சமநிலை ஒன்றை வைத்து, அதற்கு ஒரு புறம் உஷ்ணத்துக்கு நான்கு படிகளும் மறுபுறம் சீதளத்துக்கு நான்கு படிகளும் கற்பித்தார். ஆயினும் அந்தப் படிகளை அறிவதற்கு அவருக்கிருந்த சாதனம் கை ஒன்றே. கையின் குறை யாவரும் அறிந்ததே. தண்ணீரில் கை அலம்பி வந்தவருக்கு எதிரே இருப்பவரெல்லாம் ஜுரக்காரர்கள்; அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தவருக்கு ஜுரக்காரரும் சுகதேகியே. அன்றியும், நேற்றுத் தொட்ட சூட்டை இன்று தொட்ட சூட்டோடு ஒப்பிட்டுச் சொல்ல, நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் கையை இகழ்வோர் மறந்துவிடும் விஷயமும் ஒன்று உண்டு: தோல் வறண்டிருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, வயிற்றில் சூடும் பாதத்தில் குளிர்ச்சியும் ஒருங்கே இருக்கின்றனவா என்பவற்றை ஒரு தடவலில் சொல்லிவிடுகிற கருவி இன்னும் கடையில் விற்பனைக்கு வரவில்லை.

கலிலியோவும் அவரைச் சூழ்ந்திருந்த இத்தாலியப் பண்டிதர்களும் காற்றுக் குழாயில் நீர் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் குழாயின் மீது அளவுக் கோடுகளைக் குறித்து அதை ரோகியிடம் கொண்டுபோகத் துணிந்தவர் பாதுவா நகரத்துச் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸாந்தோரியோ என்பவர். தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதற்கும் தம் உடலிலிருந்து வெளிப்பட்டதற்கும் உள்ள நிறை வித்தியாசத்தை ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த விசித்திர புருஷர் அவர். ரோகியின் வாயில் ஒரு கண்ணாடிக் குமிழைக் கவ்வச் செய்து, அதிலிருந்து வளைந்து இறங்கும் நீண்ட குழாயின் நுனியை நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, குமிழுக்குள் காற்று சூடேறி விரிய விரிய நீர்மட்டம் எவ்வளவு கீழே தள்ளப்படுகிறது என்பதை, தாமே அமைத்த ஓர் ஊசற்குண்டின் பத்து ஆட்டங்களுக்குள் கணக்கிட்டார். 1625-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் இதன் சித்திரங்கள் உள்ளன. கோடை நாளில் வேறு, மாரி நாளில் வேறு என்று காற்றின் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு ஆடிய கருவி அது; ஆகவே நம்பத்தக்க கணக்கு ஒன்றும் அதிலிருந்து கிடைத்திருக்க முடியாது. ஆனால் ஒரே ரோகியை இன்றும் நாளையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் தோன்றிவிட்டது. பின்னால் வந்த அனைத்துக்கும் அதுவே வித்து.

அடுத்த நூறு ஆண்டுகள் கருவியைச் சீர்திருத்துவதில் கழிந்தன. டான்ஸிக் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் தொழில் நடத்திய பாரன்ஹீட், 1714-இல் பாதரசம் நிரப்பிய நம்பகமான உஷ்ணமானியைச் செய்து, 1724-இல் தம்முடைய அளவு முறையை உலகுக்கு அறிவித்தார். பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவைக்குப் பூஜ்யம், உருகும் பனிக்கட்டிக்கு 32, ஆரோக்கியமான மனிதனின் வாயிலோ அக்குளிலோ உள்ள சூட்டுக்கு 96 என்பது அவர் வைத்த ஏற்பாடு. மனித உடம்பே அந்த அளவுகோலின் ஒரு முளையாக அடிக்கப்பட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் வந்தவர்கள் கொதிநீரை 212 என்று நிலைநிறுத்தியபோது, முளை சற்று நகர்ந்து மனிதன் தொண்ணூற்றெட்டுக்கு மேல் போய்விட்டான்.

பாரன்ஹீட்டின் கருவியை லெய்டன் நகரத்து மகா வைத்தியர் பூர்ஹாவே ஆதரித்தார்; அவருடைய மாணாக்கர் அந்தோன் டி ஹேன், 1754-இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தினி மரியா தெரஸாவின் ஆட்சியில் வியன்னாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே தம் வார்டில் அதைத் தினந்தோறும் பிரயோகித்தார். இவர் விநோதமான சேர்க்கையால் ஆன மனிதர். அம்மை குத்துவதை எதிர்த்தவர். சூனியமும் பில்லியும் மெய்யே என்று வாதித்துப் புத்தகம் எழுதியவர். அதே சமயத்தில், ரோகியின் வாய்மொழியைவிடப் பாதரசத்தின் சாட்சியத்தை நம்பியவர். அக்குளில் ஏழரை நிமிஷம் கருவியை வைத்து, பாதரசம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்று அறிந்து, கண்ட எண்ணோடு ஓரிரு டிகிரி கூட்டி எழுதிக்கொள்வாராம். இப்படி அளந்து வருகையில் அவர் கண்ட உண்மை ஒன்று, ஜுர சாஸ்திரத்தையே ஓர் அசைப்பு அசைத்தது. குளிர்ஜுரம் கண்டவன் பற்கள் கிட்டி, கம்பளிக்கு மேல் கம்பளி கேட்டு, “குளிரால் சாகிறேன்” என்று கதறும் அந்த வேளையிலேயே அவன் அக்குளில் பாதரசம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. தன் உடம்பைப் பற்றி ரோகிக்குத் தெரிவதற்கும், உடம்பில் நடப்பதற்கும் இடையே பிளவு உண்டென்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய சோதனை அதற்கு முன் எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

லிவர்பூலில் ஜேம்ஸ் கரி என்ற வைத்தியர், விஷஜுரக்காரர்களின் மேல் குளிர்ந்த நீரை வாரி ஊற்றிச் சிகிச்சை செய்து, அதற்கு முன்னும் பின்னும் உஷ்ணத்தை அளந்து 1797-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொற்றுக்கு அஞ்சி, ரோகியின் முதுகுப்புறம் நின்றபடியே படிக்கக்கூடியவாறு தெர்மாமீட்டரின் குழாயை வளைத்துக்கொண்டார் என்பது அவரைப் பற்றிய சுவையான செய்தி. அத்தோடு விஷயம் மீண்டும் உறங்கிப்போயிற்று.

ஏன் உறங்கியது என்பதற்குப் பல காரணங்கள் சொல்வதுண்டு. குழாய் நீளமாகவும் எளிதில் உடைவதாகவும் இருந்தது, விலை அதிகம், கால் மணி நேரம் அக்குளில் இருந்தாலன்றிப் பாதரசம் நிலைகொள்ளாது, எடுத்துவிட்டால் உடனே இறங்கிவிடும், ஆகையால் ரோகியின் மேல் குனிந்து, அது இருக்கும் இடத்திலேயே படிக்க வேண்டும். இவையெல்லாம் மெய்யே. ஆனால் என் அபிப்பிராயத்தில் மூலகாரணம் வேறு. காலையில் ஒரு முறை வந்து, நாடி பிடித்து, நாவைப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியேறிவிடும் வைத்தியருக்கு ஒற்றை எண்ணால் ஆகும் பிரயோஜனம் என்ன? 102 என்ற எண் தனித்து நின்றால் அது ஊமை. நேற்று மாலை 104 ஆக இருந்து இன்று காலை 102 ஆயிற்றா, 100 ஆக இருந்து 102 ஆயிற்றா என்பது தெரிந்தால்தான் அது வாய் திறக்கும். அப்படித் தெரிய வேண்டுமானால் இரவும் பகலும் படுக்கையருகே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எழுதத் தெரிந்தவராகவும், எழுதியதில் பொய் கலவாதவராகவும் இருக்க வேண்டும். அத்தகைய ஆளை ஆஸ்பத்திரிகள் அன்று உண்டாக்கியிருக்கவில்லை.

இந்தத் தடையை முரட்டு உழைப்பினால் உடைத்தவர் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துப் பேராசிரியர் கார்ல் வுண்டர்லிஷ். 1850-இல் அந்தப் பதவிக்கு வந்த அவர், தம் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒவ்வொரு ரோகிக்கும், என்ன வியாதியாயினும், நாளொன்றுக்கு இரு முறையாவது, ஜுரம் மிகுந்தவர்க்கு அதற்கு மேலும், உஷ்ணம் எடுக்கும் நியமத்தை ஏற்படுத்தினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்த நியமத்தை நடத்தி, சுமார் 25,000 ரோகிகளிடமிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அளவுகள் சேர்ந்தன என்று சொல்லி, 1868-இல் தம் பெரு நூலை வெளியிட்டார். ஆரோக்கியமான மனிதனின் சராசரி உஷ்ணம் செல்சியஸ் முறையில் 37 டிகிரி. அது விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும். 38-ஐத் தாண்டினால் ஜுரமென்று கொள்ள வேண்டும் என்னும் இன்றைய பாலபாடங்கள் எல்லாம் அந்நூலால் நிலைபெற்றவை. அதைவிடப் பெரிய காரியம், ஒவ்வொரு ஜுரத்துக்கும் தனக்கென்று ஒரு நடை உண்டு என்பதைக் கோடு வரைந்து காட்டியது. அதுவரை ஜுரமே ஒரு வியாதி என்று எண்ணப்பட்டது. அவருக்குப் பின் அது வியாதியின் ஓர் அடையாளமாயிற்று.

பத்து லட்சம் அளவுகள் என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவர் கையாண்ட தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஓரடி நீளமுள்ளது. அக்குளில் பதினைந்து முதல் இருபது நிமிஷம் வைத்திருக்க வேண்டும். அளவொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் இரண்டரை லட்சம் மணி நேரம் ஆகிறது. ஒரே மனிதன் ஊண் உறக்கமின்றி இதைச் செய்ய இருபத்தெட்டு ஆண்டுகள் பிடிக்கும். ஒரே சமயத்தில் பல கட்டில்களில் பல கருவிகளை வைத்திருப்பார்கள் என்று கழித்துக் கணக்கிட்டாலும், இந்த வேலையின் பெரும் பாகத்தைச் செய்தவை பேராசிரியரின் கைகள் அல்ல என்பது தெளிவு. உதவியாளர்களும் வார்டுப் பணியாளர்களும் செய்தார்கள். தக்கபடி கற்பித்தால் வைத்தியரல்லாதாரும் இதைப் பிழையின்றிச் செய்வர் என்பதை வுண்டர்லிஷே ஒப்புக்கொண்டிருக்கிறார். சரித்திரத்தில் அவர் பெயர் நின்றது. அவர்கள் பெயர் நிற்கவில்லை.

கருவியைச் சட்டைப்பைக்கு அடக்கமாக்கிய புண்ணியம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து வைத்தியர் கிளிஃபோர்ட் ஆல்பட்டைச் சேர்ந்தது. 1866, 1867-ஆம் ஆண்டுகளில் அவர் வடிவமைத்த தெர்மாமீட்டர் ஆறு அங்குல நீளமுடையது. ஐந்து நிமிஷத்தில் அளவு சொல்லிவிடும். குமிழுக்கு மேலே குழாயை ஓரிடத்தில் இடுங்கச் செய்து, ஏறிய பாதரசம் தானே இறங்காமல் அங்கேயே அறுந்து நிற்கும்படி செய்த உபாயமும் இதே காலத்தில் பரவியது. பார்ப்பதற்கு அற்பமான இந்த இடுக்கு வார்டின் பழக்கத்தையே மாற்றிவிட்டது. நடு இரவில் ரோகியின் அக்குளிலிருந்து எடுத்து, கூடத்தின் மறுகோடியிலுள்ள விளக்கடிக்குக் கொண்டுபோய், ஆர அமரப் பார்த்து எழுதலாம். அவன் முகத்துக்கு நேரே வெளிச்சம் பிடித்து எழுப்ப வேண்டியதில்லை. லண்டனை அடுத்த கியூ வானிலைக் கூடத்தில் இந்தக் கருவிகளைத் தண்ணீர்த் தொட்டியில் சோதித்து, எந்தக் கோட்டில் எவ்வளவு பிழை என்று சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. புதிதாக ஊதிய கண்ணாடி மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கும். சுருங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். ஆதலால் நல்ல தொழிலாளிகள் குழாயைச் செய்து நெடுநாள் சும்மா கிடக்கவிட்டு, பிறகே கோடுகள் பொறிப்பார்கள்.

இனிதான் கதை நர்ஸின் கைக்கு வருகிறது. 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தாதியர் பள்ளியைத் தொடங்கியபோது, ரோகியைக் கூர்ந்து நோக்குவதே தாதியின் முதல் கடமை என்று வற்புறுத்தினார். ஆனால் உடலுஷ்ணத்தைக் கருவியால் அளப்பது அந்தக் கடமைகளில் அப்போது சேர்ந்திருக்கவில்லை. அது வைத்தியரின், அல்லது அவருக்குக் கீழே தொழில் பழகும் மாணாக்கரின் வேலை. நாளடைவில் அளவுகள் பெருகி, நான்கு மணிக்கு ஒரு தரம் என்ற கிரமம் ஏற்பட்டதும், மாணாக்கர்களால் அது முடியாமற்போயிற்று. 1873-இல் நியூயார்க்கில் எட்வர்ட் ஸெகான் என்ற பிரெஞ்சு வைத்தியர், தாய்மார்களுக்கும் தாதியருக்குமாகவே தெர்மாமீட்டர் கைநூல் ஒன்று எழுதினார். 1885-இல் கிளாரா வீக்ஸும் 1893-இல் இஸபெல் ஹாம்ப்டனும் அமெரிக்காவில் எழுதிய நர்ஸிங் பாடநூல்களில் உஷ்ணம், நாடி, சுவாசம் மூன்றையும் எடுத்தெழுதுவது தாதியின் நித்திய கர்மாவாகவே இடம்பெற்றுவிட்டது. சலிப்பூட்டும் வேலையைக் கீழே தள்ளிவிடுகிறோம் என்று எண்ணி வைத்தியர்கள் இதைக் கொடுத்தார்களேயன்றி, கௌரவமாக எண்ணிக் கொடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் கொடுத்தது என்னவோ ரோகியின் தினசரி வரலாற்றை எழுதும் எழுதுகோலை. காலையில் வரும் பெரிய டாக்டர் முதலில் பார்ப்பது ரோகியின் முகத்தையன்று. நர்ஸ் எழுதிய தாளை.

அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைச் சற்று அருகே சென்று பார்ப்போம். அடியில் பஞ்சு வைத்துக் கிருமிநாசினி ஊற்றிய கண்ணாடிக் குப்பியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, குளிர்ந்த நீரில் கழுவி, துடைத்து, மணிக்கட்டைச் சொடுக்கி உதறி, பாதரசத்தை 95-க்குக் கீழே இறக்க வேண்டும். வெந்நீரில் கழுவிய புதுப் பெண்ணுக்குக் குமிழ் வெடித்த பின்தான் பாடம் மனத்தில் பதியும். அக்குளில் வைப்பதாயின் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு, தோலோடு தோல் படியும்படி குமிழை நடுவில் வைத்து, கையை மார்பின் குறுக்கே மடக்கி ஐந்து நிமிஷம் விட வேண்டும். வாயில் வைப்பதாயின் சற்று முன்பு காபியோ ஐஸ்கட்டியோ உட்கொள்ளாதிருக்க வேண்டும். குழந்தைகளுக்கும், பிதற்றுவோருக்கும், மூச்சு வாங்குவோருக்கும் வாயில் வைக்கலாகாது. வாயைவிட அக்குளில் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைய இருக்கும் என்பதை அறிந்து, எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். மூன்று பட்டையான கண்ணாடியை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினால், ஒரு கோணத்தில் மாத்திரம் வெள்ளிக் கோடு பளிச்சென்று தடித்துத் தெரியும். அதுவரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாடி பிடித்த கையை விடாமலே சுவாசத்தை எண்ணுவதற்கும் காரணம் உண்டு: எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எவனுக்கும் மூச்சு இயல்பாக வராது.

வார்டு முழுவதும் வரிசையாக 98.4 என்றே இருந்தால் அனுபவமுள்ள சிஸ்டர் முகஞ்சுளிப்பாள். பத்துப் பேருக்கு ஒரே எண் இயற்கையில் வருவது துர்லபம். லீவு வேண்டி டீ டம்ளரில் குமிழைத் தோய்த்து 108 காட்டிய சிப்பாய்களின் கதை ராணுவ ஆஸ்பத்திரிகளில் உலவுவது வேறு விஷயம்.

தெர்மாமீட்டரின் பொற்காலம் டைபாய்டு ஜுரத்துக்கு மருந்தில்லாதிருந்த காலமே. முதல் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் இரண்டு டிகிரி ஏறி, ஒவ்வொரு காலையும் ஒரு டிகிரி இறங்கி, ஏணிப்படி போல மேலே சென்று, இரண்டாம் வாரம் 103, 104 என்று மேட்டு நிலத்தில் நின்று, மூன்றாம் வாரம் காலை மாலை வித்தியாசம் அகன்று மெல்ல மெல்ல இறங்கிவரும் அந்தக் கோடு நர்ஸுக்குத் தன் வீட்டுப் படிக்கட்டைப் போலப் பழகியது. 103-ஐத் தாண்டினால் ஈரத்துணியால் அங்கம் அங்கமாக உடம்பைத் துடைத்துவிட்டு, அரைமணி கழித்து மறுபடி உஷ்ணம் எடுத்து, எவ்வளவு இறங்கியது என்பதைப் புள்ளிக்கோட்டால் அதே தாளில் குறிப்பாள். மூன்றாம் வாரத்தில் அவள் அஞ்சிக் காத்திருந்தது ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்கு. 103-இல் நின்ற உஷ்ணம் திடீரென்று 97-க்கு விழுந்தால், “ஜுரம் விட்டுவிட்டது” என்று உறவினர்கள் ஸ்வாமிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தப் புறப்படுவார்கள். நர்ஸோ உடனே நாடியைப் பார்ப்பாள். உஷ்ணக் கோடு கீழே இறங்க, நாடிக் கோடு மேலே ஏறி, தாளில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால், குடலில் ரத்தம் கசிகிறது அல்லது குடல் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். வைத்தியரை எழுப்ப ஆள் அனுப்ப ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. நிமோனியாவில் இதற்கு மாறாக, ஏழாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் சில மணி நேரத்தில் உஷ்ணம் சரிந்து, நாடியும் கூடவே அடங்கி, வியர்த்துக் கொட்டி ரோகி உறங்கினால் பிழைத்தான். ஒரே இறக்கம் ஓரிடத்தில் மரணக்குறி, மற்றோரிடத்தில் மறுபிறப்பு. முறைக்காய்ச்சல்காரனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஜுரம் வருவது, அவன் ரத்தத்தில் மலேரியாக் கிருமிகள் ஒருசேர வெடித்துப் பரவும் நேரத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலியில் கோல்ஜி 1886-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிரூபித்தபோது, பாதரசம் காட்டிய அலைக்கும் நுண்காட்டி காட்டிய உயிருக்கும் சம்பந்தம் ஏற்பட்டது.

98.4 என்ற எண்ணுக்கும் ஒரு வழக்கு உண்டு. வுண்டர்லிஷின் 37 டிகிரியைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6 வருகிறது, அமெரிக்கர் அதையே கொண்டனர். பிரிட்டிஷ் கருவிகளிலோ 98.4-க்கு நேரே அம்புக்குறி பொறித்தார்கள். நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக “நார்மல்” என்று சொல்லி வந்தது அதையே. 1992-இல் அமெரிக்காவில் 148 சுகதேகிகளை மீண்டும் அளந்து பார்த்ததில் சராசரி 98.2 என்று வந்தது. அந்த அம்புக்குறியை விதியின் ரேகையாக எண்ணி, 99-ஐக் கண்டதும் படுத்துக்கொண்டவர்கள் பலர்.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இல் தாதியருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். மேல்நாட்டில் தெர்மாமீட்டர் நர்ஸின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 1885-இல் மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் சென்னையில் கோஷா ஸ்திரீகளுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டது; அந்நிய புருஷன் தொடலாகாது என்ற கட்டுப்பாட்டில் வாழ்ந்த பெண்களுக்கு அக்குளில் கருவி வைப்பதும் பெண்ணின் கையாலேயே நடக்க வேண்டியிருந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் தொடங்கிய நர்ஸிங் பள்ளி, 1946-இல் பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் வாயைவிட அக்குளே பெரிதும் வழக்கில் நின்றதற்கு, எச்சிலைப் பற்றிய நம்மவர் சங்கோசமும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை கழுவினாலும், அடுத்த கட்டில்காரன் வாயிலிருந்த பொருளைத் தன் வாயில் வைத்துக்கொள்ள ஆசாரமுள்ள கிழவி எவளும் சம்மதித்திருக்க மாட்டாள்.

காசநோய்ச் சானடோரியங்களில் தெர்மாமீட்டர் அரசாட்சியே செலுத்தியது. 1915-இல் மதனப்பள்ளிக்கு அருகில் தொடங்கியதும், டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவியதுமான ஆரோக்கிய நிலையங்களைப் போன்ற இடங்களில், மாலை நேர உஷ்ணமே ரோகியின் அன்றாட சுதந்திரத்தை நிர்ணயித்தது. 99-க்குள் அடங்கினால் சிறிது உலாவலாம், தாண்டினால் படுக்கைதான். மாதக்கணக்கில் தங்கியவர்கள் தம் சார்ட்டைத் தாமே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கி 1959-இல் முடிவு வெளியான ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் கிடந்தவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று காட்டிய பிறகு, அந்த அரசாட்சி தளர்ந்தது. டைபாய்டின் கதையும் அவ்விதமே. 1948-இல் கோலாலம்பூரில், வேறொரு ஜுரத்துக்குக் குளோரம்பெனிகால் மருந்தைச் சோதிக்க வந்த அமெரிக்க வைத்தியர் குழு, அது டைபாய்டையும் சில நாட்களில் தணிப்பதைக் கண்டது. மூன்று வாரக் கோடு நான்கைந்து நாட்களில் சரிந்தது; ஏணிப்படியை முழுமையாகப் பார்த்த நர்ஸுகள் அத்தலைமுறையோடு அருகினர்.

கருவியின் கதையில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த கடைசிப் பங்கு கசப்பானது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனில் இருந்த பாண்ட்ஸ் கம்பெனியின் தெர்மாமீட்டர்த் தொழிற்சாலையை 1983-ஐ ஒட்டிக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. அங்கே நம் மலையூர் இளைஞர்கள் நிரப்பிய பாதரசக் குழாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே திரும்பிப் போயின. 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடப்பதை ஊராரும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் வெளிப்படுத்தவே, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றது. தொழிலாளிகளின் வழக்கு நெடுங்காலம் நடந்து, 2016-இல் 591 பேருடன் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டது. காய்ச்சலை அறிவதற்கென்று உலகத்தார் வாயிலும் அக்குளிலும் வைத்துக்கொண்ட கருவி, அதைச் செய்தவர்களின் உடம்பை என்ன செய்தது என்பதை அவ்வளவு காலம் எந்தத் தாளிலும் யாரும் நான்கு மணிக்கு ஒரு தரம் எழுதிவைக்கவில்லை.

2013-இல் ஜப்பானில் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டரின் உற்பத்திக்கு 2020-ஐக் கெடுவாக வைத்தது. அதே 2020-இல் கொரோனா வந்து, நெற்றிக்கு நேரே துப்பாக்கி போல நீட்டும் அகச்சிவப்புக் கருவி ஜவுளிக்கடை வாயிலிலும் கோயில் வாயிலிலும் காவலாளிகளின் கைக்குப் போயிற்று. வெயிலில் நடந்து வந்தவனுக்கு ஓர் எண்; குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியவனுக்கு ஓர் எண். படித்த எண்ணைப் பெரும்பாலோர் எங்கும் எழுதவில்லை. எழுதிய இடத்திலும் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவார் இல்லை. கருவி இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகு, டி ஹேனும் வுண்டர்லிஷும் எதற்காக அவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ அந்தப் பொருள் வாயிற்படியில் நழுவிவிட்டது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் மட்டும், மின்கலத்தால் இயங்கிக் கூவும் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, பின்னிரவு இரண்டு என்று டூட்டி நர்ஸ் இன்றும் கட்டில் கட்டிலாகப் போய் எழுதி வருகிறாள்.